சம்பந்த முதலியாரின் 'அமலாதித்யன்' நாடகத்தை வன்னிப் பிள்ளைகளுக்கு எவ்வாறு கற்பிப்பது?

கேள்வி: ஒட்டுசுட்டான் ஆசிரியை

வணக்கம். இலங்கையின் வன்னிப் பகுதியில், ஒட்டுசுட்டானுக்கு அண்மையிலுள்ள ஒரு பாடசாலையில் உயர்தர மாணவர்களுக்கு நாடகமும் அரங்கியலும் பாடத்தைக் கற்பித்து வருகின்றேன். பம்மல் சம்பந்த முதலியாரைப் பற்றி எங்கள் பிள்ளைகளின் கொப்பிகளில் இருப்பது மூன்று வரிகள்தான்: தமிழ் நாடகத் தந்தை எனப் போற்றப்படுபவர், சுகுண விலாச சபையைத் தொடங்கியவர், தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடகங்களை எழுதியவர். பரீட்சைக்கு அது போதுமாக இருக்கலாம். ஆனால் அந்த மூன்று வரிகளை வைத்துக்கொண்டு அவரை ஒரு மனிதராகப் பிள்ளைகளின் முன் நிறுத்த என்னால் முடியவில்லை.

சென்ற வாரம், ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்'டைத் தழுவி அவர் எழுதிய 'அமலாதித்யன்' நாடகத்தின் சில காட்சிகளை வகுப்பில் வாசித்தோம். வாசித்து முடித்தபோது ஒரு மாணவி எழுந்து, "மிஸ், கதை ஷேக்ஸ்பியருடையது, காட்சிகளும் அவருடையவை, பிறகு எப்படி இதைச் சம்பந்த முதலியாரின் நாடகம் என்று எழுதுகின்றோம்?" என்று கேட்டார். மொழிபெயர்ப்புக்கும் தழுவலுக்கும் உள்ள வேறுபாட்டைப் பற்றி நான் ஏதோ சொன்னேன். சொன்னது எனக்கே நிறைவாக இல்லை.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். என் வகுப்பிலுள்ள பிள்ளைகள் போர் முடிந்த 2009இல் கைக்குழந்தைகளாக இருந்தவர்கள். அவர்களுள் இருவரின் தந்தைமார் இன்றுவரை திரும்பி வரவில்லை. இறந்துவிட்டார் என்று கிரியை செய்யவும் இல்லை, இருக்கின்றார் என்று சொல்லவும் முடியவில்லை. இறந்த அரசன் ஆவியாக வந்து மகனோடு பேசும் காட்சியை வாசித்தபோது அவர்களுள் ஒருவர் புத்தகத்தை மூடிவிட்டு வெளியே வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த நாடகத்தை ஆண்டிறுதியில் மேடையேற்ற வேண்டும் என்று மாணவர்களே கேட்கின்றார்கள். மேடையேற்றலாமா, வேண்டாமா என்று எனக்குத் தெளிவில்லை. அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டும்.

பதில் 1: முள்ளியவளை, ஓய்வுநிலை ஆசிரியர்

பிள்ளை, உங்கள் கேள்வியின் முதற் பகுதிக்கு என்னால் இயன்ற அளவு எழுதுகின்றேன். ஆவி தோன்றும் காட்சியைப் பற்றிச் சொல்ல என்னிலும் தகுதியானவர்கள் இங்கே இருக்கின்றார்கள்.

சம்பந்த முதலியார் 1873 பெப்ரவரியில் சென்னையில் பிறந்தார். தந்தையார் விஜயரங்க முதலியார் பாடசாலைகளைப் பரிசோதிக்கும் அதிகாரியாக இருந்தவர். தமிழ் நூல்களை அச்சிட்டு வெளியிடுவதிலும் ஈடுபட்டவர். ஆகவே வீட்டில் புத்தகத்துக்குக் குறைவிருக்கவில்லை. இந்தப் பின்னணியைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது அவர் இளமையில் தமிழ் நாடகத்தை வெறுத்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தெருவில் விடிய விடிய நடந்த ஆட்டங்களைப் பார்த்து முகஞ்சுளித்ததை அவரே பின்னாளில் 'நாடகமேடை நினைவுகள்' என்ற நூலில் ஒளிக்காமல் எழுதியிருக்கின்றார். தமிழ் நாடகத் தந்தை எனப்படுபவர் தமிழ் நாடகத்தின் பக்கம் தலைவைத்துப் படுக்காதவராக இருந்தார் என்று தொடங்கினால் வகுப்பு நிமிர்ந்து உட்காரும்.

அவரை மாற்றியது ஒரு தெலுங்கு நாடகம். 1891இல் பல்லாரியிலிருந்து கிருஷ்ணமாச்சார்லு என்பவரின் சபை சென்னைக்கு வந்து நாடகங்களை நடித்தது. கிருஷ்ணமாச்சார்லு ஒரு வழக்கறிஞர். அவரோடு நடித்தவர்களும் கற்றுத் தேர்ந்து மதிப்பான தொழில்களில் இருந்தவர்கள். கூத்தாடி என்ற சொல்லை வசையாகக் கேட்டு வளர்ந்த ஓர் இளைஞனுக்கு, கோட்டும் தலைப்பாகையுமாக நீதிமன்றம் போகின்றவர்கள் மாலையில் அரிதாரம் பூசி மேடையில் நிற்பதைக் கண்டது பெரிய அதிர்ச்சியாக இருந்திருக்க வேண்டும். தெலுங்கில் முடிவது தமிழில் ஏன் முடியாது என்ற எண்ணத்தோடு அவரும் சில நண்பர்களும் அதே ஆண்டு ஜூலை 1ஆம் திகதி சுகுண விலாச சபையைத் தொடங்கினார்கள். அப்போது அவருக்கு வயது பதினெட்டு. ஏறக்குறைய உங்கள் மாணவர்களின் வயது.

அதற்குப் பின்னர் அவருடைய வாழ்க்கை இரண்டு தடங்களில் ஓடியது. பகலில் அவர் வழக்கறிஞர். 1924 முதல் 1928 வரை சென்னைச் சிறுவழக்கு நீதிமன்றத்தில் நீதிபதியாகவும் இருந்தார். மாலையில் நாடக ஆசிரியர், பயிற்றுநர், கதாநாயகன். சபையில் பணத்துக்காக எவரும் நடிக்கவில்லை. சத்தியமூர்த்தி போன்ற அரசியல் தலைவர்களும் அந்த மேடையில் வேடமிட்டிருக்கின்றார்கள். பெண் பாத்திரங்களை ஆண்களே ஏற்றார்கள். சம்பந்த முதலியாருக்கு இணையாக நாயகி வேடங்களைத் தாங்கிய ரங்கவடிவேலு என்ற நண்பரைப் பற்றி நினைவுகளில் அவர் எழுதியிருக்கும் பகுதிகளை வாசித்தால், மேடைத் தோழமை என்பது எவ்வளவு ஆழமான உறவு என்று விளங்கும்.

அவர் செய்த மாற்றங்களுள் நான் பெரிதாக மதிப்பது நேரத்தைப் பற்றியது. நாங்கள் இங்கே கண்ணகி அம்மன் கோயில் வைகாசிப் பொங்கல் காலத்தில் பாயும் தலையணையுமாகப் போய்க் கூத்துப் பார்த்து வளர்ந்தவர்கள். கோவலன் வெட்டுப்படும்போது கிழக்கு வெளுக்கத் தொடங்கியிருக்கும். இடையில் உறங்கி எழும்பினாலும் கதை கைவிட்டுப் போகாது, ஏனென்றால் கதை எங்களுக்குத் தெரிந்தது. பாட்டும் ஆட்டமும்தான் புதியவை. சம்பந்த முதலியார் சில மணி நேரத்துக்குள் முடியும் நாடகத்தை, குறித்த நேரத்தில் திரை தூக்கி, பெரும்பாலும் வசனத்தால் நடத்தினார். பார்ப்பவர் ஒரு வார்த்தையைத் தவறவிட்டாலும் கதையின் ஒரு படியைத் தவறவிடுவார் என்ற நிலையை அது உண்டாக்கியது. தமிழ் மேடையில் இருந்து கவனித்துக் கேட்கும் பழக்கத்தை அந்தச் சபைதான் வளர்த்தது என்பது என் கருத்து.

'மனோகரா' 1895இல் மேடையேறியது. 1954இல் திரைப்படமாக வந்தபோது எங்கள் தலைமுறை அதைக் கருணாநிதியின் வசனமாகவும் சிவாஜியின் குரலாகவும் மனப்பாடம் செய்ததே தவிர, ஏறக்குறைய அறுபது ஆண்டுகளுக்கு முன்பே மேடையில் உருவான கதை அது என்பதை எங்களுள் பலர் அறிந்திருக்கவில்லை. 1941இல் வந்த 'சபாபதி' திரைப்படமும் அவருடைய நாடகமே. 1959இல் அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கப்பட்டது. 1964இல் தொண்ணூற்றொரு வயதில் காலமானார்.

பதில் 2: வவுனியா வாசகர்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். உங்கள் மாணவி கேட்ட கேள்வி மிக நல்ல கேள்வி. அதற்குப் பெயர்களில் இருந்து விடை தேடலாம் என்று நினைக்கின்றேன்.

ஹாம்லெட் என்ற பெயரைச் சம்பந்த முதலியார் அமலாதித்யன் ஆக்கினார். ஒலியில் முதற் பெயரின் சாயல் இருக்கின்றது. பொருளில் 'மாசற்ற சூரியன்' என்று விரிகின்றது. சுற்றியுள்ள அரண்மனை முழுவதும் அழுகிப்போயிருக்க, அந்த அழுக்கைத் தாங்க முடியாமல் தவிக்கும் இளவரசனுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்குமா? ஓபீலியா அவரிடம் அபலை ஆகின்றாள். அந்தச் சொல்லைக் கேட்டவுடனேயே தமிழ்ப் பார்வையாளருக்கு அவளுடைய கதி தெரிந்துவிடுகின்றது. தந்தை, தமையன், காதலன் என்ற மூவரின் சொற்களுக்கிடையில் நசுங்கும் அந்தப் பெண்ணைப் பற்றிய ஒரு விமர்சனமே அந்தப் பெயருக்குள் அடங்கியிருக்கின்றது. மூலத்தில் இல்லாத ஒன்றைப் பெயரிட்டதாலேயே அவர் சேர்த்துவிட்டார்.

மற்றைய நாடகங்களிலும் இதே உழைப்பைக் காணலாம். மக்பெத் 'மகபதி' ஆனான். சிம்பெலின் 'சிம்ஹளநாதன்' ஆனான். வெனிஸ் நகரம் வாணிபுரமாகி நாடகம் 'வாணிபுர வணிகன்' என்று பெயர் பெற்றது. வாணிபம் என்ற சொல்லின் எதிரொலி ஊர்ப் பெயரிலேயே கேட்பதைக் கவனியுங்கள். மோலியரின் ஸ்காப்பன் என்ற தந்திரக்கார வேலைக்காரன் 'காளப்பன் கள்ளத்தனம்' என்ற நாடகத்தில் நம்மூர்க் காளப்பனாக வந்து நிற்கின்றான். ஒலியை வைத்து விளையாட இடமில்லாத இடத்தில் அவர் வலிந்து விளையாடவும் இல்லை. ஷேக்ஸ்பியரின் இன்னொரு நாடகம் 'விரும்பிய விதமே' என்று நேரடியாகவே பெயர் பெற்றது.

மொழிபெயர்ப்பாளர் மூலத்துக்குக் கடன்பட்டவர். தழுவி எழுதுகின்றவருக்குக் கடன் இரண்டு: மூலத்துக்கு ஒன்று, தம்முன் அமர்ந்திருக்கும் சபைக்கு ஒன்று. சம்பந்த முதலியார் இரண்டாவது கடனைப் பெரிதாகக் கருதினார். அவர் தாமே மேடையில் நின்று அந்த வசனங்களைப் பேச வேண்டியவராக இருந்தார். அமலாதித்யன் வேடத்தை ஏற்றவரும் அவரே. வாயில் தடக்கும் வசனத்தை எழுதிவிட்டு வேறொருவர் தலையில் கட்டும் வசதி அவருக்கு இருக்கவில்லை.

ஷேக்ஸ்பியரும் ஹாம்லெட் கதையைத் தாமாகக் கண்டெடுக்கவில்லை என்பதை அந்த மாணவிக்குச் சொல்லுங்கள். டென்மார்க்கு வரலாற்றாசிரியர் சாக்ஸோ எழுதி வைத்த அம்லெத் என்ற இளவரசனின் கதை அவருக்கு நூற்றாண்டுகள் முன்பே இருந்தது. அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. கண்ணகியின் கதையை வன்னியில் நாங்கள் கோயிலில் சிலம்பு கூறலாகக் கேட்கின்றோம், கூத்துக் களரியில் கோவலன் கூத்தாகப் பார்க்கின்றோம். கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியார் ஏட்டை விரிக்கும்போது இது இளங்கோவடிகளின் கதையல்லவா என்று எவரும் தடுப்பதில்லை. அந்தக் களரியில் அந்த இரவு அது அண்ணாவியாரின் கூத்து.

குறையையும் சொல்ல வேண்டும். சம்பந்த முதலியாரின் உரைநடை அவர் காலத்துச் சென்னைக் கற்றோரின் உரைநடை. வடசொற்கள் நிறைந்தது, அரசர்கள் பேசும்போது அது மேலும் கனத்துவிடுகின்றது. உங்கள் மாணவர்கள் அதை அப்படியே மேடையில் பேசினால் பொருள் பாதி வழியிலேயே நின்றுவிடும். 'அமலாதித்யன்' என்ற பிரதியைப் பாதுகாப்பது வேறு, அவர் செய்த வேலையைத் தொடர்வது வேறு. நான் இரண்டாவதை விரும்புகின்றேன்.

மேடைக்கு இலகுவான ஒன்றை முதலில் முயன்று பார்க்க விரும்பினால் 'சந்திரஹரி' என்ற அவருடைய நாடகத்தையும் நினைவில் வைத்திருங்கள். அரிச்சந்திரன் என்ற பெயரைப் புரட்டிப் போட்டு, உண்மையே பேசாத ஒரு மன்னனின் கதையை அதில் எழுதியிருக்கின்றார். மயான காண்டத்தைக் கோயில் திருவிழாக்களில் பலமுறை பார்த்து அழுத எங்கள் ஊர்ப் பெரியவர்கள் அதன் முதல் வரியிலேயே சிரிக்கத் தொடங்குவார்கள்.

பதில் 3: கிளிநொச்சியிலிருந்து, நாடகப் பயிற்றுநர்

அக்கா, முன்னர் எழுதிய இருவரும் சொன்னவற்றை மதிக்கின்றேன். ஆனால் சம்பந்த முதலியாரைத் தமிழ்நாட்டோடு நிறுத்திவிட்டால் எங்கள் பிள்ளைகளுக்கு அவர் தூரத்து உறவினராகவே இருப்பார். அவரிடமிருந்து எங்கள் வாசல் வரைக்கும் ஓர் ஒற்றையடிப் பாதை இருக்கின்றது. அதைக் காட்ட வேண்டும்.

சுகுண விலாச சபை கொழும்புக்கு வந்து நாடகங்களை நடித்தபோது அதைப் பார்த்து மனம் பறிகொடுத்தவர்களுள் ஒருவர் க. சொர்ணலிங்கம். 1889இல் பிறந்த அவர் சம்பந்த முதலியாரைத் தம் குருவாக வரித்துக்கொண்டார். 1913இல் கொழும்பில் லங்கா சுபோத விலாச சபையும் அடுத்த ஆண்டு யாழ்ப்பாணத்தில் சரஸ்வதி விலாச சபையும் தோன்றின. சபைகளின் பெயர்களிலேயே விலாசம் என்ற சொல் குருவின் முகவரி போல ஒட்டிக்கொண்டிருப்பதைப் பாருங்கள். சம்பந்த முதலியாரின் நாடகங்களை இந்த மண்ணில் வேரூன்றச் செய்தவர் கலையரசு என்று நாங்கள் அழைக்கும் அந்தச் சொர்ணலிங்கமே. 'ஈழத்தில் நாடகமும் நானும்' என்ற அவருடைய நூல் கிடைத்தால் உங்கள் வகுப்பில் வாசியுங்கள்.

அந்தக் கலையரசின் வழிகாட்டலில் மேடையேறிய இளைஞர்களுள் ஒருவர் 1931இல் பிறந்த குழந்தை ம. சண்முகலிங்கம். பின்னர் அவர் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் நாடக டிப்ளோமா பயின்று, 1978இல் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கினார். எங்கள் பாடசாலைகளில் நாடகமும் அரங்கியலும் இன்று கற்பிக்கப்படும் முறையில் அவருடைய கை படாத இடம் இல்லை. 2025 ஜனவரியில் அவர் காலமானபோது வன்னியிலும் நாடக ஆசிரியர்கள் தங்கள் சொந்த ஆசிரியரை இழந்ததாகவே உணர்ந்தார்கள். இந்தப் பாதையில் சம்பந்த முதலியாருக்கும் உங்களுக்கும் இடையில் நிற்பவர்கள் இரண்டே பேர்.

வாரிசு என்பதற்காக எல்லாவற்றையும் அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. பேராசிரியர் கணபதிப்பிள்ளை நாடகங்களை எழுதியபோது யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழைத் துணிந்து மேடையில் வைத்தார். ரத்னாவளி என்ற சமஸ்கிருத நாடகத்தைச் சம்பந்த முதலியாரும் தமிழாக்கினார்; கணபதிப்பிள்ளையும் 'மாணிக்கமாலை' என்று தழுவி எழுதினார். ஒரே மூலம் இரு கைகளில் எப்படி மாறுகின்றது என்று காட்ட இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. பேராசிரியர் வித்தியானந்தன் 1960களில் 'கர்ணன் போர்', 'இராவணேசன்' ஆகியவற்றின் மூலம், சபாக்காரர்கள் முகஞ்சுளித்த கூத்தையே பல்கலைக்கழக மேடைக்கு ஏற்றினார். சம்பந்த முதலியார் வெறுத்து ஒதுக்கிய இடத்திலிருந்துதான் எங்கள் நாடகம் அடுத்த மூச்சை எடுத்தது. இந்த இடத்தில் அவர் தவறிவிட்டார் என்றே நான் கருதுகின்றேன்.

இனி நீங்கள் கேட்ட கடினமான கேள்வி. போர்க்கால உளக்காயத்தை நாடகமாக்கிய சண்முகலிங்கம் அதற்கு 'அன்னை இட்ட தீ' என்று பெயர் வைத்தார். பட்டினத்தார் தம் தாய்க்குக் கொள்ளி வைக்கும்போது பாடிய பாட்டில் வரும் சொற்றொடர் அது. பிள்ளைகள் வெளிநாடு போய்விட, முதுமையில் தனித்துப்போன பெற்றோரைப் பற்றி எழுதியபோது பாரதியின் 'எந்தையும் தாயும்' என்ற தொடரைத் தலைப்பாக எடுத்தார். தாங்க முடியாத ஒன்றைச் சொல்லும்போது, ஏற்கெனவே எல்லோர் வாயிலும் இருக்கும் ஒரு பழைய வரியை அவர் கைத்தடியாகக் கொடுத்தார். பார்ப்பவர் அதைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உள்ளே வரலாம். சம்பந்த முதலியார் பெயர்களால் செய்ததை இவர் தலைப்புகளால் செய்தார் என்று சொல்லலாம்.

அந்தக் காட்சியைத் தவிர்க்க வேண்டாம் என்பதே என் எண்ணம். ஆனால் அதை எவரும் அந்த இரு பிள்ளைகளின் மேல் சுமத்தவும் கூடாது. நான் பயிற்சிப் பட்டறைகளில் கடைப்பிடிக்கும் ஒழுங்கு ஒன்று உண்டு: இழப்பைப் பற்றிய காட்சியில் எந்தப் பாத்திரத்தை ஏற்பது, ஏற்பதா வேண்டாமா, பார்வையாளராக இருப்பதா என்பதை அந்தப் பிள்ளையே தீர்மானிக்கும், தீர்மானத்தை எந்த நாளும் மாற்றலாம், காரணம் கேட்கப்படமாட்டாது. ஒத்திகைக்கு முன்பே வீட்டாரோடும் பேசிவிடுவேன். பாடசாலையில் உளவளத்துணை ஆசிரியர் இருந்தால் அவரையும் ஒத்திகையில் இருக்கச் சொல்வேன். ஆவியை வெள்ளைத் துணி போர்த்து, சாம்பிராணிப் புகையோடு கொண்டுவந்து பயமுறுத்துவது வேண்டவே வேண்டாம். அது ஒரு தந்தையின் குரலாக மட்டும் இருந்தால் போதும்.

பதில் 4: முள்ளியவளை, ஓய்வுநிலை ஆசிரியர்

தம்பி கிளிநொச்சியிலிருந்து எழுதியதில் ஓர் இடத்தில் மாத்திரம் உடன்படமாட்டேன். சம்பந்த முதலியார் கூத்தை வெறுத்ததைத் தவறு என்கின்றீர்கள். அவர் பார்த்த கூத்து எது, எந்த நிலையில் இருந்த கூத்து என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அவர் வெறுத்ததில் பெரும் பங்கு நடிகனுக்கு ஊர் கொடுத்த இழிவுக்கு உரியது. நடிகன் திண்ணையில் அமரக்கூட இடம் கிடைக்காத ஒரு காலத்தில், ஒரு நீதிபதி தாம் நடிகன் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டதும், நினைவுகளை ஆறு பாகங்களாக எழுதி அச்சிட்டதும் சாதாரண காரியங்கள் அல்ல. வித்தியானந்தன் கூத்தைப் பல்கலைக்கழகத்துக்குள் கொண்டுவந்தபோது கற்றவர்கள் மேடையேறுவது இழிவென்று சொல்ல எவரும் துணியாமல் இருந்ததற்கு, அதற்கு எழுபது ஆண்டுகளுக்கு முன் சென்னையில் பதினெட்டு வயது இளைஞன் ஒருவன் தொடங்கிய சபையும் ஒரு காரணம்.

எங்கள் குடும்பத்தில் என் பெரிய தகப்பனார், நடிகர்களைத் தனித்தனியே அழைத்து நடத்தும் ஸ்பெஷல் நாடகங்களில் ஆர்மோனியம் வாசித்தவர். அவர் வாசித்த வீடுகளிலேயே அவருக்குப் பெண் கொடுக்க மறுத்தார்கள். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவன் என்பதால் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. அவருடைய பாட்டுக் கொப்பிகள் ஒரு தகரப்பெட்டி நிறைய இருந்தன. கடைசி இடம்பெயர்வில் பெட்டி எங்கள் கையை விட்டுப் போய்விட்டது.

பதில் 5: ஒட்டுசுட்டான் ஆசிரியை

ஐயாவுக்கும் தம்பிக்கும் வவுனியாவிலிருந்து எழுதியவருக்கும் மனமார்ந்த நன்றி. நீங்கள் எழுதியவற்றைத் தாளில் எடுத்து வகுப்பில் வாசித்தேன். அதன்பின் நடந்ததைச் சொல்ல வேண்டியது என் கடமை.

கேள்வி கேட்ட மாணவி, தானும் ஒரு பெயர்ப்பட்டியல் எழுதப் போவதாகச் சொல்லி மறுநாள் ஒரு தாளோடு வந்தார். அமலாதித்யன் என்பதை 'அமலன்' என்று சுருக்கியிருந்தார். எங்கள் ஊரில் அந்தப் பெயரில் இரண்டு மூன்று பேராவது இருப்பார்கள். அபலை என்ற பெயரை மட்டும் மாற்ற அவர் ஒப்பவில்லை. பெண் பாத்திரத்துக்கு அப்படியொரு பெயர் வைப்பது சரியா என்று வகுப்பில் அரை மணி நேரத்துக்கு மேல் விவாதம் நடந்தது. அந்தப் பெயரைச் சொல்லி அவளை அழைக்கும் ஒவ்வொருவரும் அவளை மேலும் அபலையாக்குகின்றார்கள் என்று காட்டினால் பெயர் இருக்கலாம் என்று முடிவாயிற்று. சம்பந்த முதலியார் அப்படி நினைத்தாரோ என்னவோ, பெயரை அவரிடமிருந்து பெற்றுக்கொண்டு அதன் மேல் எங்கள் பிள்ளைகள் தங்கள் வேலையைத் தொடங்கிவிட்டார்கள்.

அரண்மனையை விட்டுவிட்டோம். கதை ஒரு குளத்தின் வான்கட்டுக்கு அண்மையிலுள்ள வயற்காணியில் நடக்கின்றது. தமையனின் காணியையும் வீட்டையும் தம்பி எடுத்துக்கொள்கின்றார். தொடக்கத்தில் இரவுக் காவலுக்கு வருகின்றவர்கள் யானைக்காவல் பரணில் இருக்கின்றார்கள். மூலத்தில் கோட்டை மதிலில் நிற்கும் காவலாளிகள் இருட்டில் யாரங்கே என்று குரல் கொடுப்பது, பரணில் இருப்பவரின் வாயில் எவ்வளவு இயல்பாகப் பொருந்துகின்றது என்று கண்டபோது எனக்கே வியப்பாக இருந்தது. வசனத்தை எங்கள் பேச்சுத் தமிழில் பிள்ளைகளே எழுதுகின்றார்கள். நாடகத்துக்குள் வரும் நாடகத்தை மட்டும் கூத்தாக வைத்துக்கொள்வோம் என்று ஒரு மாணவன் சொன்னார். கொலை செய்தவரின் முன்னால் அந்தக் கொலையையே ஆடிக் காட்டும் அந்த இடத்துக்கு முல்லைத்தீவுக் கோவலன் கூத்தின் ஆட்டமுறையைக் கற்றுத்தர ஓர் அண்ணாவியார் இசைந்திருக்கின்றார். முதலியார் ஒதுக்கிய கூத்து முதலியாரின் நாடகத்துக்குள்ளேயே நுழைந்துவிட்டது.

அன்று புத்தகத்தை மூடிய மாணவரோடு தனியாகப் பேசினேன். அவருடைய அம்மாவையும் சந்தித்தேன். தம்பி எழுதிய ஒழுங்கை இருவருக்கும் சொன்னேன். மாணவர் இரண்டு நாட்கள் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் வந்து, தனக்கு மேடை வேண்டாம், தந்தையின் வசனத்தைத் திரைக்குப் பின்னாலிருந்து தான் பேசுவதாகச் சொன்னார். அந்த வசனத்தை வேறு எவரும் எழுத வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். இதுவரை நான்கு வரிகள் எழுதியிருக்கின்றார். நான் இன்னும் வாசிக்கக் கேட்கவில்லை.

ஒத்திகை அடுத்த திங்கட்கிழமை பிற்பகல் தொடங்குகின்றது. முள்ளியவளை ஐயாவுக்கு வர முடியுமானால், ஆர்மோனியம் ஒன்றை ஓர் அயலவர் தருவதாகச் சொல்லியிருக்கின்றார். அதன் கட்டைகளில் இரண்டு வேலை செய்யவில்லை.